சித்தூரில் பிறந்தவர்கள் நிற்கும் வரிசை

சித்தூரில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். தெருவுக்கே அவர் 'வாத்தியார்'தான். அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் காலண்டர் தொங்கும். ஏகாதசி, பௌர்ணமி, பிரம்மோற்சவம் எல்லாம் அதில் அச்சிலேயே இருக்கின்றன. வாத்தியார் தன் கையால் எழுதிச் சேர்ப்பது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு மாதத் தாளின் மூலையிலும் சிவப்பு மையில் ஒரு தேதி. அது அந்த மாதத்துத் தேதி அல்ல. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி.

அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் விசா புல்லட்டின் என்று ஒன்றை வெளியிடுகிறது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான 'இபி-2' என்ற வேலைவழி கிரீன் கார்டு வரிசை எந்தத் தேதி வரை நகர்ந்திருக்கிறது என்பது அதில் இருக்கும். மகன் போனில் சொல்வான், இவர் குறித்துக்கொள்வார். மகனுடைய தேதி 2015 மார்ச். திருப்பதி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பி.டெக். முடித்து, 2011-இல் எம்.எஸ். படிக்கப் போனவன். 2013-இல் பட்டம், பிறகு வேலை, 2014-இல் ஹெச்1பி என்ற வேலை விசா. 2015 மார்ச்சில் அவனுடைய நிறுவனம் கிரீன் கார்டுக்கான முதல் காகிதத்தைத் தாக்கல் செய்தது. அந்த நாள்தான் அவன் வரிசையில் நின்ற நாள். அங்கே அதை 'பிரையாரிட்டி டேட்' என்கிறார்கள்.

பழைய காலண்டர்களை வாத்தியார் வீசுவதில்லை. 2022 செப்டம்பர் தாளை ஒருநாள் எடுத்துக் காட்டினார். அதில் 1.12.2014 என்று இருந்தது. இன்னும் மூன்றே மாதம் நகர்ந்தால் மகனுடைய முறை. அடுத்த தாள், அக்டோபர்: 1.4.2012. வரிசை இரண்டரை ஆண்டுக்கு மேல் பின்னால் போய்விட்டது. 2023 ஏப்ரல் தாளில் 1.1.2011. 2025 டிசம்பர் தாளைப் பார்த்தேன்; 2013-ஆம் ஆண்டின் மே மாதத்தில் நின்றது.

"வரிசைன்னா முன்னாடிதானே தம்பி போவும்? இது பின்னாடி போவுதே" என்றார். ரேஷன் கடையிலும் தர்ம தரிசனத்திலும் நின்று பழகியவருக்கு இந்த வரிசை விளங்கவில்லை.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். சித்தூரிலும் திருப்பதியிலும் எத்தனையோ கல்விக் கடன் மனுக்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம், ஐ-20, தகப்பனாரின் வருமானச் சான்று, நிலத்தின் வில்லங்கச் சான்று என்று எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். படிப்பு முடிந்தபின் அந்தப் பிள்ளை அந்த நாட்டில் எத்தனை மாதம் சட்டப்படி இருக்கலாம், எத்தனை ஆண்டில் நிரந்தரமாகத் தங்க வழி உண்டு என்ற கேள்வியை ஒரு மனுதாரரிடமும் நான் கேட்டதில்லை. படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்த தகப்பனாரின் மனதில் இருந்தது அந்தக் கேள்வி மட்டும்தான். அதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன் என்பது இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் திருத்தம். கிரீன் கார்டு போன்ற பி.ஆர். உரிமையை நம் பத்திரிகைகளில் 'நிரந்தரக் குடியுரிமை' என்று எழுதுகிறார்கள். பி.ஆர். என்பது குடியுரிமை அல்ல, வசிப்புரிமை. நாட்டின் தேர்தலில் ஓட்டு இல்லை. பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்டேதான். ஊருக்கு வந்து நெடுநாள் தங்கிவிட்டால் அது கைநழுவவும் கூடும். கனடாவில் ஐந்து ஆண்டுக்கு இரண்டு ஆண்டாவது அங்கே இருந்திருக்க வேண்டும். ஜெர்மனியில், பொதுவிதிப்படி, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் போய்விடும். இருந்தாலும் வேலை போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை, முதலாளி மாறினால் பயமில்லை, நினைத்த நேரத்தில் ஊருக்கு வந்து திரும்பலாம் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. அந்த மூன்றாவதன் அருமையை எங்கள் தெரு 2021-இல் தெரிந்துகொண்டது.

கொரோனா இரண்டாம் அலை. வாத்தியாரின் மனைவி மருத்துவமனையில் இருந்தார்; வாத்தியாரும் அடுத்த வார்டில்தான் கிடந்தார். மே 4-ஆம் தேதியிலிருந்து இந்தியாவில் இருந்து வருகிறவர்களுக்கு அமெரிக்கா கதவைச் சாத்தியது. குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் அந்தத் தடை இல்லை. ஹெச்1பி-யில் இருப்பவன் கிளம்பி வந்தால் எப்போது திரும்ப முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. அங்கே மனைவி, வீட்டுக் கடன். பின் தெருவில் இன்னொரு வீட்டுப் பிள்ளை, கிரீன் கார்டு வைத்திருந்தவன், தன் தகப்பனாருக்காக வந்து காரியம் முடித்துத் திரும்பிப் போனான். வாத்தியார் மகன் வரவில்லை. மருத்துவமனைப் படிவத்தில் உறவினர் கையெழுத்துப் போடும் இடத்தில் நான் போட்டேன். பட்டம் இருவரிடமும் ஒன்றுதான். வித்தியாசம் அந்த அட்டை.

இப்போதும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 2025 டிசம்பரில் ஹெச்1பி-காரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் சோதிக்கத் தொடங்கியபோது, பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வாங்க ஊர் வந்தவர்களின் நேர்காணல்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. கல்யாணத்துக்கு இரண்டு வார லீவில் வந்தவர்கள் மாமியார் வீட்டில் உட்கார்ந்து, நடுராத்திரியில் அமெரிக்க ஆபீஸ் வேலை பார்த்தார்கள்.

வரிசை ஏன் இப்படி இருக்கிறது? வேலைவழி கிரீன் கார்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 என்று அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. மற்ற நாடுகள் விட்டுவைத்தது மிஞ்சினால்தான் கூடுதல். முதுநிலைப் பட்டதாரிகள் வரும் இபி-2 பிரிவில், இந்தியாவின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 2,800. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு ஒன்று என்று அதிலிருந்தே கழியும். 140 கோடிப் பேர் நாட்டுக்கும் சில லட்சம் பேர் தீவுக்கும் ஒரே உச்சவரம்பு. வேலைவழி வரிசையில் நிற்கும் இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்றும், புதிதாகச் சேருகிறவர் 134 ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கும் என்றும் வாஷிங்டனின் கேட்டோ ஆய்வு நிறுவனம் 2023-இல் கணக்கிட்டது. அந்தக் கணக்கின் பொருள், இன்று எம்.எஸ். சேரும் பிள்ளைக்கு இந்த வழியில் ஆயுசுக்குள் முறை வராது என்பதுதான்.

இந்த விதியில் கணக்கு பிறந்த நாட்டை வைத்து. எந்த நாட்டுக் குடிமகன் என்பதை வைத்து அல்ல. சித்தூர் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்து கனடாக் குடிமகனாகவே ஆகிவிட்டாலும் அவன் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். அதே வகுப்பில் அதே எம்.எஸ். முடித்த யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு வரிசை வேறு. 2025 டிசம்பரில் அந்த வரிசை 2024 பிப்ரவரி வரை வந்துவிட்டது. இரண்டு ஆண்டுகூடப் பாக்கி இல்லை. பாக் நீரிணைக்கு அந்தக் கரை இரண்டு ஆண்டு, இந்தக் கரை ஆயுசு முழுக்க.

இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரியது. ராயசோட்டி, ராஜம்பேட்டை, பீலேர் பக்கம் குவைத்துக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அங்கேயே குடும்பத்தோடு இருந்து, அங்கே பிள்ளை பெற்றுத் திரும்பியவர்களும் உண்டு. குவைத் ஆஸ்பத்திரியில் பிறந்த அந்தப் பிள்ளை, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், குவைத் கணக்கில் வரும். அவரைக் கல்யாணம் செய்துகொண்டவரும் அந்தக் கணக்கில் ஏறிக்கொள்ளலாம். தாலுகா ஆபீஸில் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது யார் இதையெல்லாம் நினைத்துப் பார்த்தார்கள்? ஒரு மனிதனின் படிப்பையும் உழைப்பையும் விட அவன் தாய்க்கு வலி கண்ட இடம் பெரிதாகிவிடுவது அநியாயம். அமெரிக்க நாடாளுமன்றத்தில் இந்த 7 சதவீத வரம்பை நீக்க மசோதாக்கள் வந்தன. 2019-இல் கீழவை ஒன்றை நிறைவேற்றியது. மேலவையும் அடுத்த ஆண்டு தன் வடிவம் ஒன்றை நிறைவேற்றியது. இரண்டும் ஒத்துப்போகாமலேயே காலாவதியாகிவிட்டன.

கிரீன் கார்டு வரிசைக்கு முன்னால் இன்னொரு வாசல் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. எனும் வேலை அனுமதி பன்னிரண்டு மாதம், அறிவியல், பொறியியல் படித்தவருக்கு மேலும் இருபத்துநான்கு. ஆக மூன்று ஆண்டு. அதற்குள் ஹெச்1பி லாட்டரியில் பெயர் வர வேண்டும். ஆண்டு ஒதுக்கீடு 65,000. அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000. 2025 வசந்தத்தில் நடந்த குலுக்கலில் தகுதியான பதிவுகள் 3,43,981, தேர்வானவை 1,20,141. மூன்றில் ஒன்று. மூன்று முறை குலுக்கியும் வராதவர்கள், தங்குவதற்காகவே இரண்டாவது எம்.எஸ். சேருகிறார்கள், இன்னொரு கடனோடு. 2025 செப்டம்பரில் புதிய ஹெச்1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். அமெரிக்காவிலேயே படித்துக்கொண்டிருப்பவர்கள் விசா மாறும்போது அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. ஆனாலும் அந்தச் சில வாரங்கள் இங்கே வீடுகளில் யாரும் தூங்கவில்லை. அந்த நாட்டில் 2024-25 கல்வியாண்டில் இருந்த இந்திய மாணவர்கள் 3,63,019 பேர். தெலுங்கு மாநிலங்களின் பங்கு அதில் மிகப் பெரியது.

இப்போது கடன் பக்கம் வருகிறேன், எனக்குத் தெரிந்த பக்கம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும். சித்தூர்க்காரன் ஈடாக எதை வைப்பான்? மாந்தோப்பைத்தான். நாற்பது லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். ஆண்டுக்கு ஆறு லட்சத்து அறுபதாயிரம். 2025 ஜூனில் தோத்தாபுரி மாங்காய்க்கு ஆலைகள் கிலோ 8 ரூபாய், அரசு மானியம் 4 ரூபாய், ஆக 12 என்று அறிவித்தார்கள். அந்த 12 ரூபாய் முழுசாகக் கைக்கு வந்ததாகவே வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டுத் தவணையைக் கட்ட 55 டன் மாங்காய் விற்க வேண்டும். அதுவும் உரம், மருந்து, பறிப்புக் கூலி எதையும் கழிக்காமல். அந்த ஜூனில் ஆலை வாசல்களில் மாங்காய் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசை கட்டி நின்றதையும், காய் பழுத்து ஒழுகியதையும், 12 ரூபாய் கிடைக்காமல் திரும்பியவர்களையும் ஊரே பார்த்தது. தகப்பன் குடிபாலாவில் டிராக்டர் வரிசையில்; மகன் டெக்சாஸில் கிரீன் கார்டு வரிசையில். அடமானம் ஒரே தோப்பு.

தோப்பை மீட்கும் என்று அவர்கள் நம்புவது டாலர் சம்பளத்தை. அந்தச் சம்பளம் தொடர்ந்து வர அங்கே தங்கும் உரிமை வேண்டும். ஆக, அந்தக் கடனுக்கு உண்மையான ஈடு வசிப்புரிமைதான். அதை மட்டும் யாரும் மதிப்பீடு செய்வதில்லை. அட்மிஷன் வாங்கித் தரும் கன்சல்டன்சிகளில் பலவற்றுக்கு வருமானமே பல்கலைக்கழகம் தரும் கமிஷனில்தான். பிள்ளை போய்ச் சேர்ந்ததும் அவர்கள் கணக்கு முடிந்தது. ஐந்தாவது ஆண்டில் என்ன ஆகும் என்பது அவர்கள் பாடு அல்ல.

சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க மாணவர் விசாவுக்கான சட்டம், வருகிறவன் தங்கும் எண்ணத்தோடு வருகிறவன் என்றே முதலில் கருதுகிறது. இல்லை, படித்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று அவன் மெய்ப்பிக்க வேண்டும். ஐதராபாத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம் வந்தது 2008-இல். அதற்கு முன் நம் பிள்ளைகளெல்லாம் சென்னை ஜெமினி மேம்பாலத்தின் அருகில்தான் விடியற்காலையில் நின்றார்கள். அன்றும் இன்றும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லோரும் சொல்லும் பதில் அதுதான்: "திரும்பி வந்து அப்பா தொழிலைப் பார்ப்பேன்." வீட்டில் அதே வாரம் கிரீன் கார்டு மாப்பிள்ளைக் கனவு. காணிப்பாக்கம் நமக்குப் பதினொரு கிலோமீட்டர். அந்தப் பிள்ளையார் முன் பொய்ச் சத்தியம் செய்தால் விடமாட்டார் என்று நம்பி, பஞ்சாயத்தில் தீராத வழக்கைக்கூட அங்கே கொண்டுபோகிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரின் பிள்ளைக்கு, இருபத்திரண்டு வயதில், அரசு அதிகாரி முன் சொல்லும் முதல் வார்த்தையே மனதறிந்த பொய்யாக அமைகிறது. குற்றம் பிள்ளையிடம் இல்லை, அந்த விதியிடம் இருக்கிறது என்பேன். ஆனால் ஒரு பொய்க்குப் பழகிய கை அடுத்ததையும் எழுதும். வங்கி இருப்பைக் கூட்டிக் காட்டுவது, செய்யாத வேலைக்கு அனுபவச் சான்று வாங்குவது என்று அது போகும்.

அதன் விலை சிறியதல்ல. 2011 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் டிரை-வேலி என்ற போலிப் பல்கலைக்கழகம் பிடிபட்டபோது, மாட்டிக்கொண்ட மாணவர்களில் பெரும்பாலோர் ஆந்திரப் பிள்ளைகள். காலில் கண்காணிப்புக் கருவி மாட்டிய படங்கள் வந்தன. 2019-இல் மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம். அது வலை விரிப்பதற்காக அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே நடத்திய போலி. முதலில் பிடிபட்ட 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். பெரும்பாலோர் தெலுங்கு மாநிலங்கள். பொய் ஆவணம் பிடிபட்டால் கனடா ஐந்து ஆண்டு தடை போடும். அமெரிக்காவில் அந்தக் கறை ஆயுசுக்கும் நிற்கும்.

இந்த மண்ணிலிருந்து முன்னால் போனவர்களின் கதை வேறு மாதிரி. பேட்டமிட்டக் கிராமத்தில் பிறந்த கல்லா ராமச்சந்திர நாயுடு மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் பொறியாளராக நெடுங்காலம் இருந்தார். எண்பதுகளில் திரும்பி வந்து, 1985-இல் அமர ராஜாவைத் தொடங்கினார். திருப்பதிக்கு அருகே கரகம்பாடியில் அந்த ஆலை இன்று எத்தனை வீட்டு உலையைக் கொதிக்க வைக்கிறது என்பது நமக்குத் தெரியும். நம் வீடுகளில் இன்னும் அந்தத் தலைமுறையின் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். படித்தால் வேலை, வேலையில் சேர்ந்தால் கிரீன் கார்டு, வேண்டுமானால் திரும்பலாம் என்று. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியப் பொறியாளர்களுக்கும் மருத்துவர்களுக்கும் கதவைத் திறந்த காலம் அது. இன்றைய வரிசை அன்று இல்லை. திரும்பி வருவதா தங்குவதா என்பது அன்று அவரவர் முடிவு. இன்று அந்த முடிவைப் பிள்ளையின் கையிலிருந்து வரிசை பிடுங்கிக்கொண்டது.

அப்படியானால் வெளிநாடே வேண்டாம் என்கிறேனா? இல்லை. வசிப்புரிமைதான் குறிக்கோள் என்றால், அதைப் படிப்போடு சட்டத்திலேயே கோத்து வைத்திருக்கும் நாடுகளைப் பாருங்கள் என்கிறேன். நான் துருவிப் பார்த்தவரை, அந்த நாடுகளின் விதிகளில் திரும்பத் திரும்ப வரும் ஒன்று மொழி.

ஜெர்மனியில் பட்டம் முடித்தவருக்கு வேலை தேடப் பதினெட்டு மாதம். படிப்புக்கேற்ற வேலையில் இரண்டு ஆண்டு இருந்து, ஓய்வூதிய நிதிக்குப் பணம் கட்டி, ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலை இருந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு மனுச் செய்யலாம். உயர்கல்வி பெற்றவர்களுக்கான 'நீல அட்டை' அனுமதியில் வேலை பார்ப்பவருக்கு அதே பி1-க்கு இருபத்தொரு மாதம் போதும். மொழி அரைகுறை என்றால் இருபத்தேழு. ஆறு மாத வித்தியாசத்தின் விலை ஒரு மொழிப் பாடம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் காட்டினால் போதும். அந்தத் தொகைக்குத் தோப்பு முழுவதையும் வைக்க வேண்டியதில்லை.

கனடாவில் முதுநிலை முடித்தவருக்கு மூன்று ஆண்டு வேலை அனுமதி. ஆனால் நிரந்தர வசிப்புரிமை இலக்கை 2025-க்கு 3,95,000 என்றும் அதற்கடுத்த ஆண்டுகளுக்கு 3,80,000 என்றும் குறைத்துவிட்டார்கள். அங்கே புள்ளிக் கணக்கில்தான் ஆள் எடுக்கிறார்கள்; உள்நாட்டு அனுபவம் உள்ளவர்களுக்கே 2025-இல் 500 புள்ளிக்கு மேல் கேட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில் பிரெஞ்சு தெரிந்தவர்களை 379 புள்ளிக்கு அழைத்தார்கள். பாண்டிச்சேரி நமக்கு எத்தனை தூரம்? நம்மில் யாராவது பிள்ளையைப் பிரெஞ்சு படிக்க அனுப்பினோமா?

ஜப்பான் இன்னும் வியப்பு. உயர்திறன் பணியாளர் கணக்கில் 80 புள்ளி சேர்ந்தால் ஒரே ஆண்டில் நிரந்தர வசிப்புரிமைக்கு மனுச் செய்யலாம். 70 என்றால் மூன்று ஆண்டு. முதுநிலைப் பட்டத்துக்கு 20, ஜப்பானியப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் மேலும் 10, மொழித் தேர்வின் உச்ச நிலைக்கு 15, முப்பது வயதுக்குள் என்றால் 15. மீதி சம்பளத்தில் வந்துவிடும். சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டியில் இசுசு, கோபெல்கோ என்று ஜப்பானிய ஆலைகள் நிற்கின்றன. அங்கே வேலைக்கு நுழையவும் அதே மொழி உதவும். போகாவிட்டாலும் நஷ்டமில்லாத படிப்பு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

பிரிட்டனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படிப்புக்குப் பிந்தைய விசாவை 2027 ஜனவரியிலிருந்து இரண்டு ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டாகக் குறைக்கிறார்கள். நிரந்தரமாகத் தங்க ஐந்து ஆண்டு என்பதைப் பத்தாக்கும் யோசனையை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் வைத்தார்கள். ஓராண்டு எம்.எஸ்.சி. சீக்கிரம் முடிகிறதே என்று போகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

ஆஸ்திரேலியாவை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அங்கும் புள்ளிக் கணக்குதான். அடிப்படை 65, கணினித் துறையினருக்கு அதற்கும் மிக மேலே. ஒரு ஐந்து புள்ளியில் வாழ்க்கை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். அந்த ஐந்து புள்ளியை அவர்கள் ஒரு சமூக மொழித் தேர்வுக்குத் தருகிறார்கள். மொழிகளின் பட்டியலில் தமிழும் இருக்கிறது, தெலுங்கும் இருக்கிறது. ஆங்கிலம் பேசும் அதிகாரிக்கும் தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் நடக்கும் உரையாடலை வாயாலேயே இரு பக்கமும் மொழிபெயர்க்க வேண்டும். இரண்டு உரையாடல்கள், மொத்தம் 90 மதிப்பெண். 63 வேண்டும், ஒவ்வொன்றிலும் 29-க்குக் குறையக் கூடாது.

சித்தூர்ப் பிள்ளைக்கு இதைவிடக் கைவந்த தேர்வு ஏது? வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம், பலமனேர் தாண்டினால் கன்னடம், பக்கத்து வீட்டில் உருது. காய்கறிக்காரியிடம் ஒரு மொழியில் பேரம் பேசி, அதே மூச்சில் பாட்டியிடம் இன்னொரு மொழியில் விலையைச் சொல்லி வளர்ந்த பிள்ளைகள். இரண்டு மாநிலங்களின் எல்லையில் பிறந்ததற்கு வரலாறு நமக்குக் கொடுத்த சொத்து இது. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போய், சித்தூர் ஆந்திராவில் தங்கியபோது, எத்தனையோ குடும்பங்கள் நொந்தன. நொந்த இடத்தில் முளைத்ததுதான் இந்த இருமொழி நாக்கு. அதை வளர்க்காமல், தமிழ்வழிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 'தமிழ் படித்து என்ன செய்வாய்' என்று சொன்ன தகப்பன்மார்களில் நானும் ஒருவன். இன்று ஆஸ்திரேலியா அதற்கு மதிப்பெண் போடுகிறது. நம் பிள்ளை தமிழில் பேசுவான், ஆனால் 'ஜாமீன்', 'வாரிசு', 'காப்பீடு' என்று வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவான். அங்கே மதிப்பெண் போய்விடும்.

நான் கேட்பது பெரிய காரியங்கள் அல்ல. கல்விக் கடன் படிவத்தோடு ஒரே ஒரு தாளை வங்கிகள் சேர்க்கட்டும். படிப்பு முடிந்தபின் அந்த நாட்டில் எத்தனை மாதம் தங்கலாம், வேலை அனுமதி எப்படி, நிரந்தர வசிப்புரிமைக்கு இன்றைய விதி என்ன என்பது தெலுங்கிலும் தமிழிலும் இருக்கட்டும். தகப்பனாருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கட்டும். 1954-இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் முதல் 2015-இல் வந்த ஐ.ஐ.டி. வரை திருப்பதியில் இல்லாத கல்வி நிறுவனம் இல்லை. சமஸ்கிருதத்துக்கே ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். இரண்டாம் ஆண்டு பி.டெக்.கிலிருந்தே மாலையில் ஜெர்மனும் ஜப்பானியமும் பிரெஞ்சும் சொல்லிக்கொடுக்க இந்த ஊரால் முடியாதா? வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டுகளுக்கு 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. படிக்க அனுப்பும் கன்சல்டன்சி அதில் வராது. பஞ்சாப் 2012-இல் இவர்களையும் சேர்த்துத் தனிச் சட்டம் போட்டது. அத்தனை பிள்ளைகளை அனுப்பும் ஆந்திராவும் அதைச் செய்ய வேண்டும். யாரிடம் எவ்வளவு கமிஷன் வாங்குகிறார்கள் என்பதைக் கன்சல்டன்சி சுவரிலேயே எழுதி வைக்கச் சொல்ல வேண்டும்.

போன வாரம் வாத்தியார் வீட்டுக்குப் போனபோது, புதுக் காலண்டர் மாட்டியிருந்தார். கூடத்தில் அவர் பேத்தி, மகளின் மகள், செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருப்பதியில் கடைசி ஆண்டு படிக்கிறாள். இரண்டு ஆண்டு இங்கே வேலை பார்த்துவிட்டு ஆஸ்திரேலியாவில் முதுநிலை என்று திட்டம். செல்போன் ஆங்கிலத்தில் ஒரு நர்ஸ் பேசுவதைச் சொல்ல, இவள் தமிழில் சொல்ல வேண்டும். வாத்தியார் கையில் பென்சில். 'நெக்ஸ்ட் ஆஃப் கின்' என்று வந்தது.

"பக்கத்துச் சொந்தம்" என்றாள்.

"நெருங்கிய உறவினர், கண்ணு."

"அப்படின்னா யாரு தாத்தா? புருஷன், பிள்ளைங்களா?"

"ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடறவங்க" என்றவர், என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "அடுத்த வாக்கியத்தைப் போடு" என்றார்.